டேரனுக்காகக் கொடுத்த இரண்டு ஆண்டுகள்

போன வாரம் கீர்த்திகா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபின் உதைபந்தாட்டக் கழகத்தில் என் வேலைக்கு வந்தவள் அவள். திருச்சிப் பிள்ளை, கெட்டிக்காரி.

"ஆன்ட்டி, பெரிய ஸ்டார் ஒருத்தரை எடுக்கப்போறாங்க. அவருக்கு மூணு வருஷத்து டிராஃப்ட் பிக்கைக் குடுக்கிறாங்களாம். முன்னாடி ரெண்டு வருஷம்தான் குடுக்கலாம், ரூலை இப்ப மாத்திட்டாங்களே. ஃபேமிலியோட வர்றாரு. இங்க நிலைச்சு இருப்பாங்களான்னு நான் சொல்லணுமாம். அதை எப்படி ஆன்ட்டி கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்கேலாது பிள்ளை. ஆனால் எனக்கு நடந்த ஒண்டு இருக்கு. கேக்க நேரமிருக்கோ?"

நேரமில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "எழுதி அனுப்புங்க ஆன்ட்டி, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எங்கள் லின்ஃபீல்டில் இப்போது மழை. கணவர் தோட்டத்துக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறார். எழுத நல்ல நேரம்தான்.

உதைபந்தாட்டக் கழகமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் கோயிலில் எங்கள் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை சரியாக விளங்கவும் இல்லை. புதிதாக வரும் ஆட்டக்காரர்களின் குடும்பங்களை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் குடியமர்த்துவதுதான் என் வேலை. வீடு, பள்ளிக்கூடம், டாக்டர், கார் லைசன்ஸ், மனைவிக்கு வேலை, நாய்க்கு விசா எல்லாம் என் தலையில்.

அதற்கு முன் நியூ லின்னில் வீடுகளை வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். நாட்டைவிட்டு வந்து ஏவன்டேலில் ஈரம் ஊறிய ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தபோது தொடங்கிய வேலை அது. ஒருநாள் கழகத்திலிருந்து நீல் என்பவர், நெடிய கோல்காப்பாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். நான் அலுமாரியைத் திறந்து உள்ளே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீடு வேண்டாம். வெயில் படாத தெற்குப் பக்க அறை முழுக்கப் பூஞ்சணம். உங்கள் ஆள் இருமியே செத்துவிடுவார்" என்று சொன்னேன். என் முதலாளிக்குக் கோபம். அடுத்த மாதமே நீல் தன் கழகத்தில் எனக்கு வேலை தந்தார். அப்படித்தான் அந்தத் தொழிலுக்கு வந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. முதல் இரண்டு குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன, மூன்றாவது குடும்பம் நின்றது, அவ்வளவுதான்.

கீர்த்திகா, முறைகளை நீ அறிவாய், என்றாலும் திரும்பச் சொல்கிறேன். வீட்டுக்குள் போனதும் முதலில் அலுமாரியை மோந்து பார். பிறகு ஆட்டக்காரரின் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஷவரின் கீழே நின்று பார். குடும்பம் வந்திறங்கும் நாளில் ஃபிரிட்ஜில் பால், முட்டை, வெண்ணெய் இருக்கட்டும். பூச்செண்டு வேண்டாம், அதை வைக்க அவர்களிடம் சாடி இராது. முதல் நாள் "எல்லாம் சரியா?" என்று கேட்காதே. முதல் நாள் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, மனைவி தனியாக இருக்கும்போது கேள். எதைக் கேட்டாலும் அவரவரிடமே நேரில் கேள். ஒருவர் இன்னொருவருக்காகச் சொல்வதை எழுதிக்கொள்ளாதே. இந்தக் கடைசி முறையை நான் டேரன் விஷயத்துக்குப் பிறகுதான் சேர்த்தேன்.

நீலைப் பற்றியும் சொல்லவேண்டும். நீ அவரைப் பார்த்ததில்லை. அவர் பொது முகாமையாளர், குள்ளமான மனிதர், குரல் எழும்பாது. எங்களைத் தவிர மற்றக் கழகங்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் அவுஸ்திரேலியாவில் இருந்தன. அவர்களோடு தொலைபேசியில் பேரம் பேசும்போது தன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பார். "கதவை மூடினால் நான் பொய் சொல்லத் தொடங்கிவிடுவேன்" என்பார். ஓர் ஆட்டக்காரரை வேறு கழகத்துக்குக் கொடுப்பதென்றால், செய்தி வெளியே வருமுன் தானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வார். பெரிய முடிவு எதுவாக இருந்தாலும், அதற்கு முன் எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தானே தேநீர் ஊற்றித் தந்து, ஒரே கேள்வியைக் கேட்பார்: "எனக்குத் தெரியாதது என்ன?" ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். ஊகித்து எதையாவது சொன்னால், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். அவர் துடைத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பதுபோல் வேதனை வேறில்லை.

டேரனை எடுத்தது நீல்தான். எங்கள் லீக்கில் ஆண்டுதோறும் வரும் இளம் ஆட்டக்காரர்களைக் கழகங்கள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். நீ சொன்ன டிராஃப்ட் பிக் என்பது அந்த வரிசையில் நமக்குரிய இடம்; அதை வேறொரு கழகத்துக்குக் கொடுத்து, அவர்களுடைய பெரிய ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் தெரிவுகளை நீல் அடிலெய்டுக் கழகத்துக்குக் கொடுத்து டேரனைக் கொண்டுவந்தார். அன்று எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, "நாம் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஒருநாள் தெரியவரும். அன்றைக்கு யாரும் என் அறைக்கு வந்து அழக்கூடாது" என்றார்.

டேரன் அப்போது லீக்கிலேயே பெயர் போன முன்கள ஆட்டக்காரர். நல்ல உயரம், நீலக் கண், யாரோடும் சிரித்துப் பேசும் சுபாவம். அவர் மனைவி கிளேர் மிருக வைத்தியர். நான் வேலை தேடிக் கொடுக்கும் முன்பே கிளென் ஈடனில் ஒரு கிளினிக்கில் தானாகவே சேர்ந்துவிட்டாள். வீடும் அங்கே பக்கத்தில்தான், நல்ல வெயில் படும் வீடு. இந்தக் குடும்பம் எனக்குத் தலைவலி தராது என்று நினைத்தேன்.

குளிர்காலம் வந்ததும் டேரனின் கால் சோர்ந்தது. கோலே இல்லை. பந்து காலுக்கு வரும், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். பயிற்சி முடிந்து என் மேசைக்கு வந்து சாய்ந்துகொண்டு, "கிளேருக்கு இங்கே பிடிக்கவில்லை, சாந்தி. மழை, குளிர், அவள் அம்மாவை விட்டு வந்தது எல்லாம் சேர்ந்து..." என்பார். நான் எழுதிக்கொள்வேன். வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பை மாற்றிக் கொடுத்தேன். ஈரம் உறிஞ்சும் கருவி அனுப்பினேன். அடுத்த வாரமும் வந்து அதையே சொல்வார். பத்திரிகைக்காரன் ஒருவனிடமும் ஏதோ சொல்லியிருக்கிறார். "வீட்டம்மாவுக்கு ஆக்லாந்து கசக்கிறது" என்று அவன் எழுதிவிட்டான். ஆட்டம் பார்க்க வந்த மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிமார் கிளேருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அடிலெய்டுக் கழகம் பேச்சைத் தொடங்கியது. டேரனைத் திருப்பித் தந்தால் இரண்டு தெரிவுகளில் ஒன்றைத் திருப்பித் தருவார்களாம். பருவத்தின் நடுவே ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள விடும் காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. நீல் என்னைக் கூப்பிட்டுத் தேநீர் ஊற்றினார்.

"எனக்குத் தெரியாதது என்ன?"

கிளேருக்கு இங்கே பிடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது: அதை ஒருநாளும் கிளேரின் வாயால் நான் கேட்டதில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். நீல் கண்ணாடியில் கைவைக்கவில்லை.

அன்று பின்னேரம் கிளென் ஈடன் கிளினிக்குக்குப் போனேன். கிளேர் ஒரு கொழுத்த பூனையை மேசையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

"நீங்களும் கேட்க வந்திருக்கிறீர்களா?"

"என்ன கேட்க?"

"எப்போது டேரனைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று. கழகத்தில் எல்லோரும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். சாந்தி, எனக்கு இந்த ஊர் பிடிக்கும். இந்த வேலை பிடிக்கும். மழைகூடப் பிடிக்கும். நான் போகவேண்டும் என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. டேரனிடம் கேட்டால், பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்கிறான்."

பூனை அவள் கையைப் பிறாண்டியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

டேரன்தான் அப்படிச் சொல்லித் திரிகிறார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவள் நானில்லை என்று பட்டது. "சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் நீலிடம், "எனக்குக் கிடைத்த தகவல் பிழை. திங்கட்கிழமைவரை அடிலெய்டுக்குப் பதில் சொல்லவேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை. நண்டு காய்ச்சி வைத்துவிட்டுத் தயிர் வாங்க மூலையிலுள்ள டெய்ரி என்கிற பெட்டிக்கடைக்குப் போயிருந்தேன். கிளேர் கிளினிக்கில் இருந்து நேரே வருவதாகவும் டேரன் தனியாக வருவதாகவும் ஏற்பாடு. திரும்பி வந்து கேற்றைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டில் பழைய ஃபிரிட்ஜ் சரிந்து நிற்கிறது. மேலே என் கணவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. கீழே, முழுப்பாரத்தையும் நெஞ்சில் தாங்கியபடி, கழகத்தின் இரண்டு ஆண்டுகளுக்கு ஈடான மனிதர், வழுக்குகிற பலகைப் படியில் பின்புறமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ! என்னப்பா செய்யிறியள்? இறக்குங்கோ! உடன இறக்குங்கோ!"

"நடுப்படியில எப்பிடியப்பா இறக்கிறது?" என்றார் கணவர். "சும்மா சத்தம் போடாமல் கராஜைத் திறந்துவிடும். ஆள் நல்ல பலம். உம்மட ஒஃபிஸில கணக்குப் பகுதிக்கு வந்த ஆளெல்லோ?"

புது ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தவர்கள் பழையதை எடுக்காமல் போய்விட்டார்கள். அலுவலகத்தில் இருந்து விருந்தாளி வருகிறார் என்று நான் சொல்லியிருந்தேன், யாரென்று சொல்லவில்லை. கதவைத் தட்டிய நெடிய மனிதரைக் கண்டதும் இவர் கைகொடுத்து, ஒரு நிமிடம்கூட வீணாக்காமல், "இந்தப் பக்கத்தைப் பிடியுங்கள்" என்றிருக்கிறார். என் கணவர் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

ஃபிரிட்ஜ் கராஜுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கால் சறுக்கி டேரனின் முழங்கால் மடங்கியிருந்தால் என் வேலை மட்டுமல்ல, நீலின் வேலையும் போயிருக்கும். கணவர் கைகழுவ உள்ளே போனார். டேரன் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகம் சிவந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"பத்து வருடமாக யாரும் என்னை ஒரு பெட்டிகூடத் தூக்கவிட்டதில்லை" என்றார். பிறகு, "உங்கள் கணவருக்கு நான் யாரென்றே தெரியாது, இல்லையா?"

"தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"இந்த ஊரில் யாருக்குமே தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்கினார். வந்த புதிதில் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்குப் போயிருக்கிறார். ஆட்கள் சூழ்ந்துவிடுவார்கள் என்று தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாராம். யாரும் வரவில்லை. தொப்பியைச் சற்று உயர்த்தினார். யாரும் வரவில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சந்தையை ஒரு முறை சுற்றி வந்தார். கடைசியில் ஒரு கிழவி, மாம்பழத்தை அமுக்கிப் பார்க்காதே என்று ஏசினாளாம். "அடிலெய்டில் என்றால் எனக்கு மாம்பழத்தைச் சும்மா தருவார்கள், சாந்தி." அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "ரக்பி ஆடுகிறவனைத்தான் இங்கே திரும்பிப் பார்க்கிறார்கள். நான் ஆடுகிறேனா இல்லையா என்பதுகூட யாருக்கும் தெரியாது. இதைப் போய் யாரிடம் சொல்வது? ஒரு ஆம்பிளை சொல்லக்கூடிய காரணமா இது?"

அதனால் மனைவியைச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த முகம் பழக்கமான முகம். என் கணவர் ஊரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபராக இருந்தவர். அவர் தெருவில் இறங்கினால் சைக்கிள்கள் நிற்கும். இங்கே வந்த முதல் குளிர்காலம், பக்கத்து டெய்ரியில் பால் வாங்கப் போவதற்கு மடிப்புக் கலையாத சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போவார். வந்து பாலை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். பிறகு ஒரு பேக்கரியில் மா பிசையப் போனார். எப்போது சாதாரண சேர்ட்டும் செருப்புமாகக் கடைக்குப் போகத் தொடங்கினார் என்று எனக்கு ஞாபகமில்லை. அதை நான் டேரனிடம் சொல்லவில்லை. அவருடைய துக்கம் அவருக்கு, இவருடையது இவருக்கு. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"கிளேருக்கு இது தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"ஆட்டம் பார்க்க வருகிறபோது அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதுவாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மைதானத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குள் கிளேரின் கார் வந்துவிட்டது. அவள் கையைக் கழுவிவிட்டு நண்டை உடைத்து உடைத்துச் சாப்பிட்டாள். டேரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் கணவர் டேரனின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டு, "சாப்பிடுங்கோ, பாரம் தூக்கின ஆள்" என்றார் தமிழிலேயே.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஃபிரிட்ஜ் விஷயத்தை நீலிடம் சொன்னேன். வெளியே நடந்த எதுவானாலும் ஆட்டக்காரரின் உடம்புக்கு ஆபத்தாக இருந்திருந்தால் சொல்லியே ஆகவேண்டும், அது விதி. நீல் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

"முழங்காலை மடித்துத்தானே தூக்கினார்?"

"ஓம்... ஆமாம்."

"நல்லது" என்றார். அவ்வளவுதான்.

அப்போது டேரன் உள்ளே வந்தார். பின்னால் கிளேர், கிளினிக் உடுப்போடு. அவளை ஏன் கூட்டி வந்தார் என்று அவளுக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. நான் எழுந்தேன். டேரன் என்னை இருக்கச் சொன்னார். நீல் நான்கு கோப்பைகளில் தேநீர் ஊற்றினார். அடிலெய்டுக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் அது. தொலைபேசி மேசையிலேயே இருந்தது.

டேரன் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "கிளேருக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொன்னது உண்மையில்லை. பிடிக்காதது எனக்கு. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதை என்னால் தாங்க முடியவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் அவள்மேல் போட்டேன். பத்திரிகையிலும் நான்தான் சொன்னேன்."

நீல் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஒரு தடவை போய்த் திரும்பியது.

நீல் சொன்னார்: "இந்த ஊரை உங்களைத் திரும்பிப் பார்க்கவைக்க என்னால் முடியாது. கோல் அடித்தாலும் நான் அதற்கு உத்தரவாதம் தரமாட்டேன். போகவேண்டும் என்றால் சொல்லுங்கள், இப்போதே அனுப்பிவைக்கிறேன். நான் செய்த பேரத்துக்காக நீங்கள் இங்கே இருக்கவேண்டாம். போகிறீர்களா?"

"தெரியவில்லை" என்றார் டேரன். அப்படிச் சொன்னபோது அந்தப் பெரிய உருவம் சின்னதாகிவிட்டது.

எல்லோரும் கிளேரைப் பார்த்தோம். அவள் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன்.

"வியாழக்கிழமை நான் வீட்டை இன்னொரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றாள். "உன்னிடம் எப்படிச் சொல்வதென்று நான்கு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். நீ போக ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாதா, டேரன்? பத்து வருடமாக உன்னோடு இருக்கிறேன். நீயாகச் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." எழுந்துகொண்டாள். "அடிலெய்டில் நான் உன் மனைவி. இங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் இருக்கப்போகிறேன். நீ வந்தாலும் சரி, போனாலும் சரி. எனக்கு இப்போது ஒரு நாய்க்குத் தையல் பிரிக்கவேண்டும்."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். டேரன் ஒரு கணம் நின்றார். பிறகு நீலிடம், "நான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

நீல் தொலைபேசியை எடுத்தார். அடிலெய்டு முகாமையாளர் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மன்னித்துக்கொள்ளுங்கள், அவர்கள் வீட்டை இன்னொரு வருடத்துக்கு எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை, கீர்த்திகா. டேரனும் கிளேரும் பல நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னால் அறிந்தேன். பத்திரிகைக்காரனை டேரன் தானே கூப்பிட்டு, முன்பு சொன்னது பொய் என்றார். அவன் அதை ஒரு மூலையில் சின்னதாகப் போட்டான். அடுத்த ஆட்டத்துக்குக் கிளேர் வந்தபோது நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வசந்தத்தில் கோல்கள் வரத் தொடங்கின. அவர் இருந்த காலத்தில் எங்கள் கழகம் ஒரேயொரு தடவை இறுதிப் போட்டிவரை போய்த் தோற்றது. நாங்கள் கொடுத்த இரண்டு தெரிவுகளில் ஒன்று வீணாய்ப் போனது. மற்றதில் அடிலெய்டு எடுத்த பையன் பெரிய ஆட்டக்காரனாக வளர்ந்து, எங்கள் மைதானத்திலேயே எங்களுக்கு எதிராக மூன்று கோல் போட்டான். நீல் எழுந்து நின்று கை தட்டினார். யாரும் அவர் அறைக்குப் போய் அழவில்லை.

அது நல்ல பேரமா, கெட்ட பேரமா என்று இன்னும் தொலைக்காட்சியில் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. என் வேலையில் எனக்குத் திருப்தி. நான் குடியமர்த்திய குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒப்பந்தம் முடிந்தபின்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

டேரன் ஆடுவதை நிறுத்திவிட்டார். கிளென் ஈடனில் சொந்த வீடு, மூன்று நாய்கள். கிளேரின் கிளினிக் இப்போது அவளுடையதே. போன மாதம் டேரன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஏதோ அவசரம் என்று பயந்துபோனேன். பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது ஒரு பெண் அவரை உற்றுப் பார்த்தாளாம், கிட்ட வந்து இன்னும் உற்றுப் பார்த்தாளாம். கடைசியில் முகமெல்லாம் மலர்ந்து கேட்டாளாம்:

"நீங்கள் நம்முடைய கிளேர் டாக்டரின் கணவர்தானே?"

அதைச் சொல்லத்தான் எடுத்தாராம். சொல்லி முடித்தபின்னும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.